பேர் போடாமல் வருவீர்களா?

பூச்சிக்காரரின் வேனில் ஒரு எழுத்துகூட இருக்காது. குழாய் வேலைக்காரர், பெயிண்டர், பூட்டுத் திறப்பவர் என்று ஊரில் வண்டி வைத்திருக்கும் அத்தனை பேரும் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொட்டை எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு சுற்றும்போது, இவருடைய வேன் மட்டும் துவைத்து விரித்த படுக்கை விரிப்புபோல வெள்ளையாக இருக்கும். வேலைக்குப் போகிற வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அதை நிறுத்துவார். ஹோட்டல்களுக்குப் போனால் சக்கரம் வைத்த பெரிய பயணப்பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு போவார். உள்ளே நீராவிக் கருவி, கைவிளக்கு, கையுறை, மெல்லிய தகடு ஒன்று. வரவேற்பில் நிற்கிறவர் "பயணமெல்லாம் சௌகரியமா சார்?" என்பார். "ரொம்ப அலைச்சல்" என்று சொல்லிவிட்டு இவர் சாவியை வாங்கிக்கொள்வார்.

அவருடைய தொழில் மூட்டைப்பூச்சி ஒழிப்பது. கரப்பான் பூச்சியைப் பற்றிப் பேச யாருக்கும் கூச்சமில்லை. எலி வந்தால் கதை கதையாகச் சொல்வார்கள். மூட்டைப்பூச்சி என்றால் மட்டும் குரல் தானாக இறங்கிவிடும். வீட்டுத் தொலைபேசியை எடுக்கும் அவர் மனைவிக்கு இது நன்றாகத் தெரியும். கூப்பிடுகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் "ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேக்கறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். "இந்த ஊர்ல ஃப்ரெண்டா இருக்கறதே பாவம்" என்பாள் அவள், போனை வைத்துவிட்டு.

அவளை இந்தக் கதையில் அக்கா என்றே சொல்லலாம். அவளைப் பற்றிய எல்லா வம்பும் ஒரு தங்கையால் வந்தது. அல்லது தங்கைக்கு வந்த வம்பு எல்லாம் அவளால்.

தொழிலில் ஒரு சங்கடம் இருந்தது. நல்ல தச்சரைப் பற்றி நாலு பேரிடம் சொல்வார்கள். நல்ல பல் மருத்துவரைப் பற்றிச் சொல்வார்கள். பூச்சிக்காரர் எவ்வளவு சுத்தமாக வேலை செய்தாலும், வேலை முடிந்ததும் அவர் எண்ணை அழித்துவிடுவார்கள். கடைத்தெருவில் எதிரே வந்தால் கண்ணாடி ஜன்னலில் எதையோ பார்ப்பதுபோலத் திரும்பிக்கொள்வார்கள். "நம்ம வேலை நல்லா இருந்தா நம்மளை மறந்துடுவாங்க. இல்லேன்னாத்தான் ஞாபகம் வச்சுக்குவாங்க" என்று அவர் ஒருநாள் சொன்னார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவளுக்குத்தான் பொறுக்கவில்லை.

நூலகத்தின் மாடியில் தொழில்முறை வலைத்தளத்தைப் பயன்படுத்துவது எப்படி என்று மாலை வகுப்பு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். வரி ஆலோசகர் ஒருத்தி, தோட்டத்து மோட்டார் விற்கிறவர், கணக்கு வாத்தியார் என்று நாலைந்து பேர் இருந்தார்கள். பயிற்சியாளர் ஓடப்போகிறவர்போலக் காலணி போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொருவரிடமும் தொழிலைக் கேட்டார்.

"பூச்சி..." என்றாள் அக்கா.

"ஓ, விவசாயம்!"

"இல்ல சார், கட்டில்ல."

வகுப்பே சிரித்தது. சிரித்து முடித்ததும் வரி ஆலோசகர் தன் கைப்பையை மெதுவாக நகர்த்தி வைத்துக்கொண்டதை அக்கா கவனித்தாள்.

பயிற்சியாளர் சொன்னவற்றில் மூன்று விஷயங்கள் அவள் மனத்தில் பசைபோட்டு ஒட்டிக்கொண்டன. முகத்தைக் காட்டுங்கள். வேலையைக் காட்டுங்கள். வேலை கொடுத்தவருக்கு எல்லோரும் பார்க்க நன்றி சொல்லுங்கள். "நன்றி சொல்லும்போது பேரைப் போட்டு டேக் பண்ணுங்க. அப்பதான் அவங்களைத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் நீங்க தெரிவீங்க. ஊர் வாயை மூட உலைமூடி இல்லேம்பாங்க. மூட வேண்டாங்க, நமக்காகப் பேச விடுங்க!"

தனக்கு ஒரு பக்கம் ஆரம்பித்தாள், கணவருக்கும் ஒன்று. தொழில் என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்து, 'உறக்கச் சுகாதார ஆலோசகர்' என்று போட்டாள். அவர் அதைப் படித்துவிட்டு, "இது யாரு?" என்றார்.

"நீங்கதான்."

"நான் என்ன, தாலாட்டா பாடறேன்?"

அழித்துவிட்டு, 'மூட்டைப்பூச்சி ஒழிப்பு. வீடுகள், விடுதிகள்' என்று பச்சையாகவே எழுதினாள். ஊரிலுள்ள ஹோட்டல் மேலாளர்களுக்கும் விடுதிப் பொறுப்பாளர்களுக்கும் இணைப்பு அழைப்பு அனுப்பினாள். யாரும் ஏற்கவில்லை. ஆனால் அந்தத் தளத்தில் ஒரு வசதி இருந்தது. பக்கத்தை யார் வந்து பார்த்தார்கள் என்று காட்டும். பார்க்கிறவர் தன் பெயரை மறைத்துக்கொண்டும் பார்க்கலாம். அப்படித்தான் வந்தார்கள். 'விடுதித் துறையைச் சேர்ந்த ஒருவர் உங்கள் பக்கத்தைப் பார்த்தார்.' மறுநாளும் அதே வரி. அதற்கு மறுநாளும்.

"திரைக்குப் பின்னால நின்னு எட்டிப் பாக்கறாங்க" என்று அலுத்துக்கொண்டாள்.

"பொட்டி உருட்டிக்கிட்டு வர்றவனை முகமூடி போட்டுக்கிட்டுத்தானே தேடுவாங்க" என்றார் அவர்.

*

தங்கை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஹோட்டலில் அறைப் பராமரிப்புத் தலைவி. விரிப்பு மடிப்பவளாகச் சேர்ந்து அந்த நாற்காலிக்கு வந்தவள். அத்தானின் தொழிலைப் பற்றி ஹோட்டலில் ஒருவரிடமும் மூச்சுவிட்டதில்லை. மூன்றாம் மாடியில் ஓர் அறையில் மெத்தையின் தையல் ஓரமாகப் பேனா முனையால் தொட்டு வைத்ததுபோலக் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்த அன்று, அவளே மேலாளரிடம் போய் நின்றாள். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார் சார். வந்தது தெரியாது, போனது தெரியாது."

"முதலாளிக்கும் தெரியக்கூடாது" என்றார் மேலாளர்.

பூச்சிக்காரர் பெட்டியோடு விருந்தாளியாகப் போனார். அந்த மாடியையே அங்குலம் அங்குலமாகப் பார்த்து, நீராவி அடித்து, சில நாள் கழித்து மறுபடியும் போய்ப் பார்த்து, "இப்ப இல்ல" என்றார். மேலாளர் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். 'வேலை வெகு சுத்தம். எங்கள் விருந்தினர்கள் சார்பில் நன்றி.'

கணவருடைய தொழிலைப் பற்றி இப்படி ஒரு வரியை அக்கா இதற்குமுன் பார்த்ததில்லை. அதை இரண்டு முறை அவருக்கே வாசித்துக் காட்டினாள். கடைசி நாள் அவரை அழைத்துவரப் போனபோது ஹோட்டல் பெயர்ப்பலகைக்குக் கீழே பெட்டியோடு நிற்கவைத்து எடுத்த படம் கையில் இருந்தது. முகம் இருக்கிறது, வேலை இருக்கிறது, நன்றியும் வந்துவிட்டது. இனி பதிவு போடுவதுதானே பாக்கி?

அவள் கவனமாகத்தான் எழுதினாள். பூச்சி என்ற சொல் வந்துவிடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதினாள். 'எங்கள் சேவையின்மீது நம்பிக்கை வைத்து வாய்ப்பளித்த ஹோட்டல் நிர்வாகத்துக்கும் மேலாளருக்கும் மனமார்ந்த நன்றி. இனி அங்கே நிம்மதியாக உறங்கலாம்!' ஹோட்டலின் பெயர், மேலாளரின் பெயர் இரண்டையும் இணைத்தாள். வேனின் கீழே படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்த கணவரிடம் "போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். "உனக்குத் தெரியாததா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

பதிவில் பூச்சி இல்லை. ஆனால் பதிவுக்கு மேலே, கணவரின் பெயருக்கு அடியில், அவளே பச்சையாக எழுதிவைத்த தொழில் இருந்தது. ஒவ்வொரு பதிவோடும் அதுவும் சேர்ந்துதான் போகும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒருவரும் லைக் போடவில்லை. அவளுக்கு அது பழக்கம்தான்.

மறுநாள் காலை துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது தங்கை கூப்பிட்டாள். குரல் தாழ்ந்து, வேகமாக வந்தது. படிக்கட்டுக்கு அடியில் நின்று பேசுகிறாள் போல.

"அக்கா, என்ன பண்ணி வச்சிருக்கே?"

"என்னடி?"

"மருந்துக் கம்பெனிக்காரங்க கூட்டம் போடறதுக்கு மூணு மாடி எடுத்திருந்தாங்க. இப்ப வேண்டாங்கறாங்க. ஏன்னு கேட்டா அத்தான் பொட்டியோட சிரிச்சுக்கிட்டு நிக்கற படத்தை அனுப்பறாங்க."

"நான் பூச்சின்னு எங்கேயுமே எழுதலையே!"

"எழுத வேற செய்யணுமா? அத்தான் தலைக்கு மேல போர்டு மாட்டின மாதிரி இருக்கு! 'இனி நிம்மதியாக உறங்கலாம்'! இனின்னா என்ன அர்த்தம்? இத்தனை நாள் வந்தவங்கெல்லாம் கடி வாங்கிட்டுப் போனாங்கன்னு அர்த்தம்."

"இரு, இப்பவே எடுத்துடறேன்."

"எடு. எடுத்தா மட்டும்? எல்லாரும் ஸ்க்ரீன்ஷாட் வச்சிருக்காங்க. தவளை தன் வாயால கெட்டுச்சாம். நான் வாயே திறக்கலை, உன் வாயால கெட்டேன். வெளியூர் போன முதலாளி திங்கட்கிழமை வர்றாரு. இந்த ஆளை யார் உள்ளே விட்டதுன்னு கேப்பாரு. மேனேஜர் என்னைத்தான் காட்டுவாரு. காட்டாம என்ன செய்வாரு?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. அக்கா பதிவை நீக்கினாள். ஈரத் துணி வாளியிலேயே கிடந்தது. சிறிது நேரத்தில் தளத்தில் தன் பக்கத்தைத் திறந்தபோது, இணைப்புப் பட்டியலில் தங்கையின் முகம் இல்லை. துண்டித்துக்கொண்டு போய்விட்டாள்.

*

இதைவிட மோசமான ஒன்று அன்று மத்தியானம் நடந்தது. தனிச்செய்திகள் வர ஆரம்பித்தன. இத்தனை நாள் அழைப்பை ஏற்காமல் கிடப்பில் போட்டிருந்தவர்கள், திரைக்குப் பின்னால் நின்று பார்த்தவர்கள். மாணவர் விடுதிப் பொறுப்பாளர், மலைப்பாதையிலிருக்கும் ஓய்வு விடுதிக்காரர், திரையரங்கு நடத்துகிறவர். எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள். 'பேர் போடாமல் வருவீர்களா?' கடைசியாக, ஏரிக்கரையோரம் இருக்கும் அந்தப் பெரிய ஹோட்டலின் பராமரிப்புத் துறைத் தலைவரிடமிருந்தும் ஒன்று. ஊருக்கு வரும் பெரிய மனிதர்கள் தங்குகிற இடம் அது.

வகுப்பில் சொன்னது பலித்துவிட்டது. பதிவு வேலை செய்கிறது. தங்கையின் நாற்காலியை உடைத்து அடுப்பில் வைத்ததில் தன் வீட்டு உலை கொதிக்கிறது.

கணவர் வந்ததும் எல்லாவற்றையும் காட்டினாள். அவர் நின்றபடியே படித்தார். கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வைத்தியர் நோயாளி பேரைச் சொல்லி விளம்பரம் பண்ணின மாதிரி ஆயிடுச்சு" என்று மட்டும் சொன்னார்.

"நீங்களாவது ஒரு தடவை பார்த்திருக்கலாமே."

"பார்த்திருக்கணும்" என்று ஒத்துக்கொண்டார். அதுவும் அவளைச் சுட்டது.

அன்று மாலை ஹோட்டல் மேலாளரே கூப்பிட்டார். கத்தவில்லை. ஒரே ஒரு உதவி கேட்டார். வழக்கமான பரிசோதனைக்காகத்தான் கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்ததில் ஒன்றுமே இல்லை என்று பூச்சிக்காரர் தன் பக்கத்தில் இரண்டு வரி போட வேண்டும். போட்டால் மருந்துக் கம்பெனிக்காரர்கள் திரும்பிவிடுவார்கள். முதலாளியிடமும் அதையே காட்டிக்கொள்ளலாம். "உங்களைச் சிபாரிசு பண்ணினவங்களுக்கும் நல்லது" என்று முடித்தார்.

"போட்டுடலாங்க" என்றாள் அக்கா போனை வைத்ததுமே. "ரெண்டே வரி."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் ஒரு ரூமைப் பார்த்துட்டு இல்லேன்னு சொன்னா அவங்க என்ன செய்வாங்க?"

"நம்புவாங்க."

"ஏன்? அவங்க கண்ணுக்கு எதுவும் தெரியாது. நான் சொல்றதுதான். நீராவி மெஷினை யார் வேணா வாங்கலாம். நாம விக்கறது அந்த ஒத்தை வார்த்தையைத்தான். இருந்த இடத்துல இல்லேன்னு நான் எழுதிட்டா, நாளைக்கு நிஜமாவே இல்லாத இடத்துல இல்லேன்னு எப்படிச் சொல்வேன்?"

"உங்க வார்த்தை பெருசு. என் தங்கச்சி வேலை?"

"அதுவும் பெருசுதான்" என்றார். "அதனாலதான் உக்காந்துட்டேன். நிக்க முடியலை."

அவளுக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியாததால் இன்னும் கூடுதலாக வந்தது. மன்னிப்புக் கேட்டு ஒரு பதிவு எழுதிப் பார்த்தாள். 'எங்கள் பதிவால் ஹோட்டலுக்கு ஏற்பட்ட சங்கடத்துக்கு...' என்ன சங்கடம் என்று கேட்பார்கள். இன்னொன்று எழுதினாள். அதுவும் மூட்டைப்பூச்சி இருந்ததை மறுபடி தண்டோரா போட்டது. ஊரறியச் செய்த தவறு இது. ஊரறிய மன்னிப்புக் கேட்டால் தவறு இன்னும் ஒரு சுற்று பெரிதாகும். கேட்காமலிருந்தால் தங்கை அதற்குள்ளேயே கிடப்பாள். எழுதியதையெல்லாம் அழித்தாள்.

மறுநாள் காலை அந்தத் தனிச்செய்திகளையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் போடாமல், பேர் போடாமல், பேர் போடாமல். ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒளிந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் கட்டிலிலும் இருக்கிறது. மாட்டிக்கொண்டது ஒரே ஒரு கட்டில். தங்கையின் ஹோட்டல் அசிங்கப்பட்டது பூச்சியாலா? அங்கே மட்டும்தான் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்ததாலா?

"இவங்ககிட்ட ஒரு நிபந்தனை போடலாமா?" என்று கணவரிடம் கேட்டாள். "பேர் போட மாட்டோம். பூச்சி இருக்குன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். ஆனா நம்ம அழைப்பை ஏத்துக்கிட்டு, நம்ம பக்கத்துல அவங்க முகம் தெரியட்டும். திரையை விலக்கட்டும். அவ்வளவுதான்."

அவர் யோசித்தார். "தொடர்புல இருக்கறதுன்னா பூச்சி இருக்குன்னு அர்த்தமில்ல."

"அதைத்தான் சொல்றேன். நாளைக்குத் தேவைப்படும்னுகூட வச்சிருக்கலாம். ஆனா முதலாளி திங்கட்கிழமை உங்க பக்கத்தைத் திறந்து பாத்தா, அவர் ஹோட்டல் மட்டும் தனியா நிக்காது."

"நிபந்தனையா போடாதே. அவங்க ரகசியம் நம்ம கையில இருக்கு. நிபந்தனை போட்டா மிரட்டல் மாதிரி ஆயிடும். கேட்டுப் பாரு. செய்யலேன்னாலும் வேலைக்குப் போவேன்னு சொல்லு."

"அப்படிச் சொன்னா ஒருத்தரும் செய்ய மாட்டாங்க!"

"செய்யலேன்னா செய்யலை."

எழுத உட்கார்ந்தவளுக்கு இன்னொன்றும் உறுத்தியது. மற்றவர்களை முகத்தைக் காட்டச் சொல்கிறோம், நாம் காட்டினோமா? இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே மூட்டைப்பூச்சி வந்திருந்தது. பூச்சிக்காரர் வீட்டுக் கட்டிலிலேயே. ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருவருமாக ஒழித்தார்கள். உறவில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்போது அவர்களோடு தங்கியிருந்த தங்கைக்குக்கூட, கையிலும் கழுத்திலும் தடிப்பு வந்தபோது, கொசு என்றுதான் சொன்னாள். பாவம், அவள் கடைக்குப் போய்க் கொசுவலை வாங்கிவந்து கட்டிக்கொண்டு படுத்தாள்.

"நம்ம கட்டிலைப் போடப் போறேன்" என்றாள்.

"எதுல?"

"பதிவுல."

"உங்க வீட்டுக்காரங்க, எங்க வீட்டுக்காரங்க எல்லாரும் பாப்பாங்களே?"

"பாக்கட்டும். ஊரான் கட்டிலைக் காட்டும்போது இனிச்சது, நம்ம கட்டில்னா கசக்குதா?" அதை அவரிடம் சொல்வதுபோலத் தனக்குத்தான் சொல்லிக்கொண்டாள்.

மெத்தையைத் தூக்கிச் சாய்த்து, தலைமாட்டுப் பலகையைக் கழற்றி, கட்டிலைப் படமெடுத்தாள். எழுதினாள்: 'இது எங்கள் வீட்டுக் கட்டில். இதில் மூட்டைப்பூச்சி இருந்தது. அதை ஒழிப்பதே தொழிலாக உள்ள எங்கள் வீட்டுக்கே வந்தது. அது அழுக்கைத் தேடி வருவதில்லை, ஆளைத் தேடி வருகிறது. ஆட்கள் வந்துபோகிற இடமெல்லாம் அதற்கு வழி. அது வந்துவிட்டதே என்று வெட்கப்பட்டு நாங்கள் எல்லோரிடமும் மறைத்தோம். எங்களோடு தங்கியிருந்தவரிடம் கொசு என்று பொய் சொன்னோம். வெட்கப்பட வேண்டியது அதற்குத்தான்.'

எந்த ஹோட்டலின் பெயரும் இல்லை. கணவரின் பெயரையும் தன் பெயரையும் மட்டும் இணைத்தாள். இந்த முறை கணவரை மூக்குக்கண்ணாடி போடவைத்து, முழுதும் படிக்கவைத்து, பிறகுதான் பொத்தானை அழுத்தினாள். அப்புறம் தனிச்செய்தி அனுப்பியவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் எழுதினாள். 'பேர் போடாமல் வருவோம். ஒரு வேண்டுகோள், கட்டாயமில்லை...'

முதலில் வந்தது நாத்தனாரின் அழைப்பு. "அண்ணி, இந்த லீவுக்கு உங்க வீட்டுல வந்து தங்கலாம்னு இருந்தோம்ல? பசங்களுக்குப் பரீட்சை வந்துடுச்சு."

"லீவுலயா பரீட்சை?"

"ஆமா அண்ணி, புதுசா வச்சிருக்காங்க."

அக்கா போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். இரண்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. கணவரின் சித்தப்பா பதிவுக்குக் கீழேயே, எல்லோரும் பார்க்க, 'மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே. மனம் தளராதே மகனே' என்று எழுதிவைத்திருந்தார். வரி ஆலோசகரிடமிருந்து தனியாக ஒரு செய்தி. 'ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேட்கிறேன்...'

ஹோட்டல்காரர்கள் யாரும் அசையவில்லை. சனிக்கிழமை முழுதும் அழைப்புகள் அப்படியே தொங்கின. மலைப்பாதை விடுதிக்காரர், 'மன்னிக்கவும், முடியாது. ஆனால் வேலைக்கு வாருங்கள்' என்று நேராகவே எழுதிவிட்டார். மாணவர் விடுதிப் பொறுப்பாளர் பதிலே போடவில்லை.

ஞாயிறு காலை ஏரிக்கரை ஹோட்டலின் பராமரிப்புத் தலைவர் எழுதினார். 'எங்களுக்கும் வரும். எல்லோருக்கும் வரும். உங்கள் கட்டிலைப் பார்த்தபிறகு நான் மட்டும் ஒளிந்துகொண்டிருப்பது சிரிப்பாக இருக்கிறது.' அடுத்த நிமிடம் அவர் முகம், ஹோட்டலின் பெயரோடு, இணைப்புப் பட்டியலில் வந்து உட்கார்ந்தது. பதிவுக்கு ஒரு லைக்கும் விழுந்தது, எல்லோருக்கும் தெரிய.

ஒரு ஆடு தாண்டினால் மற்றவையும் தாண்டும். எல்லா ஆடும் அல்ல. பொழுது சாய்வதற்குள் திரையரங்குக்காரரும், அவள் வேண்டுகோள் எழுதியே இராத இரண்டு ஹோட்டல்களின் மேலாளர்களும் அழைப்பை ஏற்றிருந்தார்கள். ஏரிக்கரைக்காரர்கள் யாரோடு தொடர்பில் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறவர்கள் போல. தங்கைக்கு இதைச் சொல்லலாமா என்று போனை எடுத்தாள். என்ன சொல்வது? வைத்துவிட்டாள்.

*

திங்கட்கிழமை தொலைபேசி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தங்கை சாயங்காலம்தான் கூப்பிட்டாள்.

"என்ன ஆச்சுடி?"

"முதலாளி உக்கார வச்சாரு. நல்லதா கெட்டதான்னு தெரியலை. போன்ல அத்தான் பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டு, 'இந்த ஆளை யார் கூட்டிட்டு வந்தது'ன்னாரு. மேனேஜர் என்னைப் பாத்தாரு. நான்தான் சார்னேன். எங்கக்கா வீட்டுக்காரர்னும் சொல்லிட்டேன். எப்படியும் தெரியத்தான் போகுது."

"அப்புறம்?"

"விரலால தள்ளிக்கிட்டே போனாரு. திடீர்னு நிறுத்தி, 'ஏரிக்கரைக்காரங்க இங்க என்ன பண்றாங்க?'ன்னாரு. மேனேஜர் 'தெரியலை சார், தொடர்புல இருக்காங்க'ன்னாரு. முதலாளி போனை மேசையில வச்சாரு. அப்புறம் என்னைக் கேட்டாரு, 'மூணாவது மாடியில இருந்துதா?' இருந்துது சார்னேன். 'இப்ப?' இல்ல சார். 'எப்படித் தெரியும்?' அத்தான் பாத்துட்டு இல்லேன்னு சொன்னாருன்னேன்."

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் கையுறைகளை உள்ளும் புறமும் திருப்பி உலர்த்திக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை.

"அப்ப வேலை...?"

"இருக்கு. ஆனா அந்தக் கூட்டக்காரங்க திரும்பி வரலை. அது என் கணக்குலதான். மேனேஜர் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கறாரு. இனிமே மாசாமாசம் எல்லா மாடியும் பாக்கணுமாம், அத்தான் முன்வாசல் வழியாவே வரலாமாம். பொட்டி மட்டும் இருக்கட்டும்னு சொன்னாரு."

"என்னை மன்னிச்சுடுடி."

தங்கைக்குப் பின்னால் எங்கோ துணி துவைக்கும் இயந்திரம் சுழலும் சத்தம் கேட்டது.

"கொசுன்னு சொன்னியே?" என்றாள் திடீரென்று.

அக்காவுக்கு முகம் சூடேறியது.

"வலை வாங்கினேன், ஞாபகம் இருக்கா? நீலக் கலர்ல. அதை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, பூச்சியோட பூச்சியா உள்ள படுத்திருந்தேன். வந்து நல்லாக் கட்டியிருக்கேன்னு பாராட்டிட்டு வேற போனே."

"என்ன சொல்றதுன்னு தெரியலை அப்ப."

"நேத்து படிச்சுட்டு அவ்வளவு கோவம் வந்துது. அப்புறம் சிரிப்பு வந்துடுச்சு. அதுக்கும் சேத்துக் கோவம் வந்துது." பிறகு சொன்னாள்: "அந்தத் தளத்துல உன்னைத் திரும்பச் சேக்க மாட்டேன், சொல்லிட்டேன். அங்க எனக்கு நீ யாரோ."

"சரி."

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். பதிவுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்த முதல் உறவு அவள்தான். அத்தானிடம் "எப்படி இருக்கீங்க, பிரபலம்?" என்றாள். அக்காவிடம் அதிகம் பேசவில்லை. கைப்பையைத் தோளிலிருந்து இறக்கியவள் சோபாவில் போடப்போனாள், நிறுத்தினாள். குளியலறைக்குப் போய் டைல்ஸ் தரையில் வைத்துவிட்டு வந்தாள். வெளியிலிருந்து வரும் பை முதலில் அங்கேதான் போக வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

சாப்பிட்டு முடித்ததும் வாரம் முழுக்கத் தூங்காதவள்போலக் கொட்டாவி விட்டாள். படுக்கையறை வாசலில் நின்று கட்டிலைப் பார்த்தாள். ஊரே பார்த்த கட்டில். மெத்தையின் ஓரத்தைத் தூக்கி, தையலோடு விரலை நகர்த்தி, தொழில் தெரிந்தவளாக ஒரு முறை பார்த்தாள்.

"இப்ப இல்ல" என்றார் அத்தான் பின்னாலிருந்து.

"நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு, அவள் ஏறிப் படுத்துக்கொண்டாள். அக்கா ஜன்னல் திரையை இழுத்துவிட வந்தாள். தங்கை கண்ணை மூடிக்கொண்டே, "திறந்தே இருக்கட்டும்" என்றாள்.